வாடகை வீட்டில் சிப்பிப்பாறைக் குட்டி: மடக்குக் கூண்டா, மடக்கு வேலியா?

#1 மாடிவீட்டுக்காரி, வியாழன் இரவு

வணக்கம். மதுரை விளாங்குடியில் இரண்டாம் மாடி, வாடகை வீடு. ஐந்து மாதச் சிப்பிப்பாறைக் கலப்புப் பெண் நாய்க்குட்டி ஒன்று எங்களிடம் வளர்கிறது. பெயர் செவலை. இன்று காலை சுவரோடு நிறுத்தி அளந்ததில் தோள் உயரம் 49 செ.மீ. அசைந்துகொண்டே இருந்தாள், ஒன்றிரண்டு கூடக்குறைய இருக்கலாம்.

வீட்டில் அத்தை, அதாவது என் மாமியார், இருக்கிறார். வயது 71. ஐப்பசியில் இடுப்பில் அறுவை நடந்தது, இப்போது வாக்கர் வைத்து நடக்கிறார். நான் எட்டரைக்குப் பள்ளிக்குக் கிளம்பினால் திரும்பி வர இரண்டு மணி ஆகிவிடும். அந்த நேரத்தில் செவலைக்கு ஒரே வேலைதான்: வாக்கரின் ரப்பர் காலைக் கவ்வி இழுப்பது. போன வாரம் அத்தை தடுமாறிக் கதவைப் பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து ஜன்னல் கம்பியில் கட்டிப்போடுகிறேன். அரை மணி நேரத்தில் கயிற்றைக் காலில் சுற்றிக்கொண்டு ஓலமிடுகிறாள், கீழ் வீட்டுக்காரர் மேலே வருகிறார்.

சனி, ஞாயிறு செக்கானூரணிப் பக்கம் அப்பா வீட்டுக்குப் போய்விடுவோம். அங்கே இருபது கோழிகள். ஆகவே இரண்டு வீட்டுக்கும் காரில் கொண்டுபோய்க் கொண்டுவரும்படி ஒன்று வேண்டும். சுவரில் ஆணி அடிக்கக்கூடாது என்பது வீட்டுக்காரர் உத்தரவு.

மூன்று வகை பார்த்து வைத்திருக்கிறேன். பெட்டி போல மடங்கும் கம்பிக் கூண்டு, எட்டுப் பலகை கொண்ட மடக்கு வேலி (கடைக்காரர்கள் பிளே பென் என்கிறார்கள்), ஜிப் வைத்த துணிக் கூடாரம். எதை வாங்கலாம்? பட்ஜெட் எட்டாயிரம்.

#2 பக்_அப்பா, வியாழன் இரவு

துணிக் கூடாரம்தான், யோசிக்கவே வேண்டாம். எங்கள் பக் மூன்று வருடமாக அதில்தான் தூங்குகிறான். தூக்கினால் ஒரு பை போல இருக்கும், மடக்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம். கொடைக்கானலுக்குக்கூடக் கொண்டுபோயிருக்கிறோம்.

#3 கரிசல்காரன், வெள்ளி காலை

தங்கச்சி, கோபித்துக்கொள்ளாதே. கூண்டு கிளிக்குப் போடுவது. சிப்பிப்பாறை முயலை விரட்டப் பிறந்த நாய். எங்கள் சாத்தூர்ப் பக்கம் விடியற்காலையில் வரப்பில் அவிழ்த்துவிட்டால் அது போகிற வேகத்துக்கு மோட்டார் சைக்கிள் திணறும். அதை இரண்டாம் மாடியில் வாங்கி வைத்துவிட்டு எந்தப் பெட்டி நல்லது என்று கேட்கிறாய். காலையில் ஒரு மணி நேரம் ஓடவிட்டாயா என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன்.

பக் வளர்ப்பவரிடம் யோசனை கேட்டுச் சிப்பிப்பாறைக்குத் துணி வாங்காதே. இருபது நிமிடம் தாங்காது.

#4 பக்_அப்பா, வெள்ளி காலை

பக் நாய் இல்லையா ஐயா?

#5 கால்நடை_மாணவி, வெள்ளி மதியம்

கரிசல்காரன் ஐயா சொல்லும் ஓட்டம் அவசியம். ஆனால் ஓடி முடித்த நாய்க்கும் படுக்க ஓர் இடம் வேண்டும், அக்காவின் அத்தைக்கும் நடக்க வழி வேண்டும். நான் கால்நடை மருத்துவம் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். தெரிந்தவற்றைச் சொல்கிறேன்.

அளவு: நாய் உள்ளே தலை நிமிர்ந்து நிற்க வேண்டும், சுற்றித் திரும்ப வேண்டும், கால் நீட்டிப் படுக்க வேண்டும். மூக்கு முதல் வால் தொடங்கும் இடம் வரை அளந்து 10 செ.மீ. கூட்டுங்கள், நிமிர்ந்த தலை உயரத்தோடும் அதே 10 செ.மீ. இன்றைய அளவை வைத்து வாங்காதீர்கள். வளர்ந்த சிப்பிப்பாறை தோளில் 60 முதல் 65 செ.மீ. வரும், தலை நிமிர்ந்தால் 80-ஐத் தொடும். கடையில் 42 அங்குலம் என்று விற்கும் கூண்டின் உயரம் பெரும்பாலும் 30 அங்குலம், அதாவது 76 செ.மீ. அடுத்த தீபாவளிக்குள் அதில் குனிந்து நிற்பாள். 48 அங்குலக் கூண்டு வாங்கி, நடுவில் தடுப்புப் பலகை போட்டு இப்போதைக்குச் சிறிதாக்குங்கள். இடம் மிகப் பெரிதாக இருந்தால் குட்டி ஒரு மூலையில் சிறுநீர் கழித்துவிட்டு மறு மூலையில் படுத்துக்கொள்ளும், பழக்கம் வராது.

நேரம்: குட்டியின் வயதை மாதத்தில் எண்ணி ஒன்று கூட்டினால், அடக்கிக்கொள்ளக்கூடிய மணிநேரம் ஏறத்தாழ வரும். செவலைக்கு ஆறு. அது எல்லைக்கோடு, அதுவரை அடைத்து வைக்கலாம் என்று அர்த்தமில்லை. பகலில் நான்கு மணி நேரத்துக்கு மேல் தொடர்ச்சியாக வேண்டாம். இடையில் யாராவது திறந்துவிட வேண்டும்.

வெயில்: மதுரை சித்திரை வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாய் வியர்த்து உடலை ஆற்றிக்கொள்ளாது, நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் ஆற்றும். அதன் இயல்பான வெப்பம் 38.3 முதல் 39.2 டிகிரி. 41-ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. துணிக் கூடாரத்துக்குள் காற்று நின்றுவிடும், மின்வெட்டில் இன்னும் மோசம். பக் போன்ற மூக்குச் சப்பைகளுக்கு இது இரட்டை ஆபத்து, பக்_அப்பா கவனிக்க.

கழுத்துப் பட்டையைக் கழற்றிவிட்டுத்தான் கம்பிக் கூண்டில் விட வேண்டும். கொக்கி கம்பியில் மாட்டி மூச்சு முட்டிய குட்டி ஒன்று எங்கள் பயிற்சி மருத்துவமனைக்கு வந்தது. பிழைத்துவிட்டது.

நாள் முழுக்கக் கட்டிப்போடுவதும் தப்புதான். 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம், 11-ஆம் பிரிவு. நியாயமாக அசையக்கூட இடமில்லாத கூண்டில் அடைப்பதும் குற்றம், குட்டைச் சங்கிலியில் நெடுநேரம் கட்டுவதும் குற்றம், கட்டியே வைத்திருக்கும் நாயை நடக்க ஓடவிடாததும் குற்றம்.

#6 பக்_அப்பா, வெள்ளி இரவு

எங்கள் வீட்டில் ஏசி உண்டு. இருந்தாலும் மேல் துணியைச் சுருட்டி வைத்துவிட்டேன். நன்றி தங்கச்சி.

#7 வெல்டிங்பட்டறை, வெள்ளி இரவு

ஒத்தக்கடையில் பட்டறை வைத்திருக்கிறேன். கேட், ஜன்னல் கம்பிதான் தொழில், இடையிடையே நாய்க்கூண்டும் செய்து கொடுப்பேன். விற்க வரவில்லை, வாங்குவதற்கு முன் எதைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன்.

கம்பி நெடுக்கில் நிற்க வேண்டும். குறுக்குக் கம்பி நாய்க்கு ஏணிப்படி. இடைவெளி ஒன்றரை அங்குலத்துக்கு மேல் போனால் குட்டி தாடையை விட்டு மாட்டிக்கொள்ளும். துத்தநாகப் பூச்சுப் போட்ட கம்பி என்று சொல்லி விற்பார்கள். பூச்சுக்குப் பிறகு வெல்டிங் வைத்திருந்தால் அந்தப் புள்ளியில் துத்தநாகம் எரிந்து போயிருக்கும், நாயின் சிறுநீர் பட்டு முதலில் அங்கேதான் துரு ஏறும். மூலைப் புள்ளிகளை விரல் நகத்தால் சுரண்டிப் பாருங்கள். கறுப்பாகச் சொரசொரத்தால் வேண்டாம்.

மடக்கு வேலி வாங்குவதானால் ஒரு கணக்கு. எட்டுப் பலகை, ஒவ்வொன்றும் 60 செ.மீ. அகலம். சதுரமாக நிறுத்தினால் உள்ளே பதினைந்தரைச் சதுர அடி. எண்கோணமாக வளைத்தால் பதினெட்டே முக்கால். அதே எட்டுப் பலகையைச் சுவரோடு சேர்த்து, பக்கத்துக்கு இரண்டும் முன்னால் நான்குமாக நிறுத்தினால் 31 சதுர அடி! சுவர் இலவசமாக ஒரு பக்கம் வேலை செய்கிறது. இதைச் சொல்லி விற்க ஒரு கடைக்காரருக்கும் தெரியாது.

ஆனால் அக்கா, சுவரோடு சேரும் இரண்டு முனையையும் எதிலாவது பிணைக்க வேண்டும். ஆணி அடிக்க முடியாது என்கிறீர்கள். அங்கேதான் சிக்கல்.

#8 மாடிவீட்டுக்காரி, சனி காலை

எல்லோருக்கும் நன்றி. கரிசல்காரன் அண்ணாச்சி, இன்று ஐந்தரைக்கே எழுந்து பக்கத்துக் காலி மனையில் ஓடவிட்டேன். ஓடியது அவள், மூச்சு வாங்கியது எனக்கு.

48 அங்குலக் கூண்டின் எடை 20 கிலோவைத் தாண்டுகிறது. வாராவாரம் இரண்டு மாடி ஏற்றி இறக்க என்னால் ஆகாது. தம்பி சொன்ன 31 சதுர அடிக் கணக்கு மனத்தில் ஒட்டிக்கொண்டது. 75 செ.மீ. உயர மடக்கு வேலிக்குப் பணம் கட்டிவிட்டேன். சிப்பிப்பாறைக்கு இந்த உயரம் தாராளம் என்று கடையில் உறுதி சொன்னார்கள்.

#9 கரிசல்காரன், சனி காலை

தாராளம்தான். தாண்டுவதற்கு.

#10 மாடிவீட்டுக்காரி, அடுத்த வெள்ளி இரவு

நடந்ததை எழுதுகிறேன், சிரித்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் சொர்க்கம். கூடத்துச் சுவரோடு வேலியை நிறுத்தி, ஒரு முனையைப் பீரோக் காலிலும் மறு முனையைக் கட்டில் காலிலும் கட்டினேன். செவலை கோரைப்பாயில் சுருண்டு படுத்தாள். அத்தை நிம்மதியாக அடுப்படி வரை போய்வந்தார்.

இரண்டாம் நாள் கட்டில் பக்கத்துக் கயிற்றைக் கடித்துவிட்டாள். பிறகு மூக்கை நடுப் பலகையில் வைத்துத் தள்ளியிருக்கிறாள். எங்கள் வீட்டில் வழுவழுப்பான டைல்ஸ். நான் மதியம் கதவைத் திறந்தபோது மாசி வீதியில் தேர் வருவதுபோல வேலி முழுதும் அடுப்படி வாசல் வரை வந்து நின்றிருந்தது, உள்ளே செவலை நின்றபடி வாலாட்டிக்கொண்டிருந்தாள். அத்தை அடுப்படிக்குள் சிறை. பதினோரு மணியிலிருந்து அங்கேயே முக்காலியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்து, பருப்பு புடைத்து, பூண்டு உரித்து, உரிக்க வேறெதுவும் இல்லாமல் இருந்தார். வேலிக் கதவைத் திறந்து வெளியே வரலாம்தான். ஆனால் தாழ்ப்பாள் கீழே, முழங்கால் உயரத்தில். அவரால் குனிய முடியாது.

தாழ்ப்பாளின் உயரத்தை நானும் பார்க்கவில்லை, இங்கே யாரும் சொல்லவும் இல்லை. இடுப்பு அறுவை செய்த மனுஷி வீட்டில் இருக்கிறார் என்று முதல் பதிவிலேயே எழுதியதும் நான்தான்.

மூன்றாம் நாள் மேல் கம்பியில் முன்னங்கால் இரண்டையும் ஊன்றினாள். பலகை வளைந்தது. வளைந்த இடத்தில் மிதித்து வெளியே வந்து, அத்தையின் வாக்கருக்கு மரியாதை செய்தாள். கடையில் கேட்டால் பயன்படுத்திய பொருளைத் திரும்ப எடுக்க மாட்டார்களாம்.

#11 வெல்டிங்பட்டறை, வெள்ளி இரவு

தப்பு என்னுடையதும்தான் அக்கா. தேர் என்றால் முட்டுக்கட்டை வேண்டும் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். டைல்ஸ் தரையில் நிற்கும் எந்த வேலிக்கும் காலடியில் ரப்பர் புஷ் மாட்ட வேண்டும், அல்லது முழு வேலியும் ஒரே ரப்பர் விரிப்பின்மேல் நிற்க வேண்டும். அப்போது நாயின் எடையே விரிப்பை அழுத்திப் பிடிக்கும்.

ஆனால் 75 உயரம் இந்த இனத்துக்கு எந்தத் தரையிலும் போதாது.

#12 கரிசல்காரன், சனி காலை

சிரித்தேன். பிறகு என் கதை ஞாபகம் வந்தது, அதனால் சொல்கிறேன்.

எனக்குப் பத்து வயது இருக்கும். தாத்தா ஆட்டுக்கிடை போடுகிறவர். ஊர் ஊராகப் போய், பயிர் எடுத்த நிலத்தில் ஆட்டை அடைப்போம். இரவெல்லாம் புழுக்கையும் மூத்திரமும் விழுந்த நிலத்துக்கு வேறு உரம் வேண்டாம், நிலத்துக்காரர் நெல்லோ காசோ கொடுப்பார். மறுநாள் கிடையைப் பெயர்த்துப் பக்கத்துத் துண்டில் போடுவோம். எடுத்துச் செல்லும் அடைப்பு என்று நீங்கள் இப்போது தேடுவது எங்களுக்கு அன்றாடத் தொழில்.

கிடைநாய் போட்ட குட்டி ஒன்றைக் கோழி கவிழ்க்கும் பஞ்சாரத்தில் போட்டுக் கவிழ்த்து வைத்தேன். மேலே கல் வைக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் பஞ்சாரம் தானாக நடக்க ஆரம்பித்தது. அடியில் நான்கு கால் மட்டும் தெரிய, நேராக ஆட்டு நடுவில் போய் நின்றது. ஆடு முழுக்கக் கலைந்து ஓட, இரவு பன்னிரண்டு வரை தேடினோம். தாத்தா என்னை அடிக்கவில்லை. மறுநாள் பஞ்சாரத்தை மல்லாத்தி, அதற்குள் சாக்கை விரித்து, என் கஞ்சியில் பாதியை அதில் ஊற்றினார். மூன்று நாளில் குட்டி தானே அதில் ஏறிப் படுத்தது. அப்புறம் கவிழ்க்கவே இல்லை.

ஆட்டைச் சுற்றிக் கட்டும் கிடைவலை ஆட்டின் மார்பளவுதான் இருக்கும். இருநூறு ஆடும் மனது வைத்தால் ஒரே மூச்சில் சரித்துவிடும். சரிக்காது, ஏனென்றால் பொழுது சாய்ந்தால் உள்ளே போவது அதற்குப் பழக்கம். நீ இரண்டாம் நாளே கதவைச் சாத்திவிட்டு ஐந்து மணி நேரம் பள்ளிக்குப் போனாய். தள்ளாமல் என்ன செய்யும்?

ஆக, முந்தி நான் சொன்ன கிளிக்கூண்டுப் பேச்சைப் பாதி வாபஸ் வாங்குகிறேன். மதுரைக்குக் கம்பிக் கூண்டே வாங்கு. கதவைத் திறந்தே வை. சோறு உள்ளே வை. ஒரு வாரம் சாத்தாதே.

இன்னொன்று. செக்கானூரணிக்கு எதற்குக் கூண்டு? அங்கே அடைக்க வேண்டியது நாயா, கோழியா? நீ வந்திருக்கும் இரண்டு நாளும் கோழியை அடைத்து வை. அந்த வளைந்த வேலி அதற்குப் போதும்.

#13 கால்நடை_மாணவி, சனி மதியம்

கோழியை அடைக்கும் யோசனை எனக்குத் தோன்றவே இல்லை. படித்து என்ன பயன்!

ஒரு வாரம் திறந்து வைத்த பிறகு, தின்னும்போது மட்டும் ஒரு நிமிடம் சாத்துங்கள், பிறகு ஐந்து, பிறகு பதினைந்து. அழும்போது திறக்காதீர்கள், அழுகை நின்ற நொடியில் திறங்கள். தண்டனைக்காக ஒருநாளும் உள்ளே தள்ளாதீர்கள். தள்ளினால் அதுவரை பழக்கியது வீண்.

காரில் கூண்டு வேண்டாமென்றால் மார்பைச் சுற்றும் வார்ப்பட்டை மாட்டி சீட் பெல்ட்டோடு இணையுங்கள். கழுத்துப் பட்டையோடு இணைக்கக்கூடாது, பிரேக் போட்டால் கழுத்து போகும். வழியில் டீ குடிக்க இறங்கினால் அவளையும் இறக்குங்கள். வெளியே 35 டிகிரி என்றால் சாத்திய காருக்குள் அரை மணி நேரத்தில் 50-ஐத் தாண்டிவிடும்.

#14 ரயில்பயணி, சனி இரவு

இடையில் புகுந்ததற்கு மன்னிக்கவும், இதைப் படிப்பவர்களில் யாருக்காவது பயன்படும். நாயைச் சென்னைக்கு ரயிலில் கூட்டிப்போக வேண்டுமென்றால் கூண்டு வைத்திருப்பதால் மட்டும் ஏசி இரண்டடுக்கிலோ ஸ்லீப்பரிலோ ஏற்ற முடியாது. முதல் வகுப்பு ஏசியில் இருவர் கூபேயையோ நால்வர் அறையையோ முழுதாக எடுக்க வேண்டும், பாண்டியன் எக்ஸ்பிரஸில் முதல் வகுப்பு ஏசி உண்டு. இல்லாவிட்டால் கார்டு பெட்டியில் இருக்கும் நாய்ப்பெட்டிதான். பார்சல் அலுவலகத்தில் முன்கூட்டியே பதிய வேண்டும், தடுப்பூசிச் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். அந்த நாய்ப்பெட்டியைப் பார்த்தபிறகு எங்கள் வீட்டில் கூபேதான் என்று முடிவானது.

#15 மாடிவீட்டுக்காரி, சித்திரைத் திருவிழா முடிந்த ஞாயிறு

ஐந்து வாரம் கழித்து வருகிறேன்.

48 அங்குலக் கம்பிக் கூண்டு வாங்கினேன். பட்ஜெட் தாண்டியது, வேலிக்குக் கொடுத்த காசையும் சேர்த்தால் நன்றாகவே தாண்டியது. இந்தமுறை கையில் அளவு நாடாவோடு கடைக்கே போனேன். முதலில் அளந்தது தாழ்ப்பாளைத்தான். முன் கதவில் இரண்டு தாழ்ப்பாள், மேலுள்ளது அத்தையின் இடுப்புக்குச் சற்றுக் கீழே வருகிறது. கீழுள்ளதைப் போடுவதே இல்லை. கடைக்காரர் நாயின் இனத்தைக் கேட்டார், நான் மாமியாரின் உயரத்தைச் சொன்னேன்.

தம்பி சொன்னபடி நகத்தால் சுரண்டியதில் முதல் கூண்டு தேறவில்லை, இரண்டாவதை எடுத்தேன்.

கூடத்து மூலையில், அத்தை நாற்காலிக்குப் பக்கத்தில், அடியில் ரப்பர் விரிப்போடு வைத்திருக்கிறோம். ஒன்பது நாள் கதவைச் சாத்தவில்லை. நான்காம் நாள் மதியம் அத்தை தொலைபேசியில் கூப்பிட்டு, ரகசியம் பேசுவதுபோலக் குரலைத் தாழ்த்தி, "உள்ளே போய்ப் படுத்திருக்கிறாள், நீ சத்தம் போடாதே" என்றார். நான் அப்போது பள்ளியில் இருந்தேன்.

இப்போது கதவு சாத்துவது அத்தை குளிக்கும் நேரமும் சமைக்கும் நேரமும்தான். பதினோரு மணிக்கு அவரே திறந்துவிடுகிறார். வாக்கர் மேல் ஆசை போகவில்லை, குறைந்திருக்கிறது.

அழகர் ஆற்றில் இறங்குவதற்கு முந்தைய இரவு எங்கள் தெருப் பையன்கள் வேட்டுப் போட்டார்கள். வீடு நிறைய விருந்தாள். முதல் வேட்டுக்குச் செவலை கட்டிலுக்கு அடியில் போவாள் என்று பார்த்தேன். நேராகக் கூண்டுக்குள் ஓடிப் பின்சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டாள், உடம்பு நடுங்கியது தெரிந்தது. அத்தையின் பழைய சுங்குடிச் சேலையை மூன்று பக்கமும் போர்த்தி முன்பக்கத்தைக் காற்றுக்கு விட்டேன். கதவைச் சாத்தவில்லை. பத்து மணிக்கு மேல் நடுக்கம் நின்றது. சேலை நுனியைக் கொஞ்சம் தின்றிருக்கிறாள்.

செக்கானூரணியில் அண்ணாச்சி சொன்னபடியே. வேலிக்குள் கோழி, வெளியே செவலை. முதல் வாரம் சேவல் ஒன்று வேலிக்கு மேலே ஏறி நின்று கூவியது, அப்பா மேலே மீன் வலை போட்டுவிட்டார். செவலை வேலியைச் சுற்றி நாற்பது வட்டம் ஓடிவிட்டு வேப்பமர நிழலில் படுக்கிறாள். காலை ஓட்டம் அந்த இரண்டு நாளும் எனக்கு மிச்சம்.

தம்பி, அந்த வளைந்த பலகையை நிமிர்த்த முடியுமா? அதன் சந்தில் ஒரு கோழி தினமும் வெளியே வந்துவிடுகிறது. எப்போதும் அதே கோழி.

#16 வெல்டிங்பட்டறை, ஞாயிறு இரவு

கொண்டுவாருங்கள் அக்கா, பத்து நிமிட வேலை, காசு வேண்டாம். பலகையை மட்டும் கொண்டுவாருங்கள். செவலையைக் கூட்டிவந்தால் பட்டறையில் வயர் எல்லாம் கீழேதான் கிடக்கிறது.